பெடலுக்கும் தரைக்கும் நடுவே

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிளட்ச்சண்ணன் என்றால்தான் தெரியும். பட்டறை வாசலில் தொங்கும் போர்டில் பிரேக், ஸ்டியரிங், இன்ஜின் என்று எல்லா வேலையும் எழுதியிருக்கிறது. அந்த வேலைகளுக்கு வருகிறவர்கள் குறைவு. கிளட்ச் என்றால் மட்டும் அடுத்த தெருவின் பெரிய பட்டறைக்காரர்களே வண்டியை இங்கே அனுப்பிவிட்டு, தாங்களே பார்த்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். மாமாவுக்கு அதில் கோபம் கிடையாது. பெருமைதான்.

பட்டறைக்கு முன்பக்கம் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. நடுவில் ஒரு தகரக் கதவு. அது எப்போதும் திறந்தே கிடப்பதால், அவர் யாரைத் திட்டினாலும் எனக்கும் ஒரு பங்கு கிடைத்துவிடும். பட்டறைக்கு மேலேதான் அவர்கள் வீடு. செங்குத்தான இரும்புப் படி ஏறிப் போக வேண்டும்.

கிளட்ச் ஒன்றும் பெரிய சிதம்பர ரகசியமில்லை. இன்ஜின் பக்கம் ஒரு தட்டு, சக்கரத்தின் பக்கம் ஒரு தட்டு. இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தால் வண்டி ஓடும். பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும், கியர் மாற்றலாம். பெடலையும் தட்டையும் இணைக்கிற கேபிளை ஒரு நட்டு வைத்து இறுக்கலாம், தளர்த்தலாம். அதிகமாகத் தளர்ந்தால் தட்டுகள் சரியாகப் பிரியாது, கியர் போடும்போது கறமுறவென்று கத்தும். அதிகமாக இறுக்கினால் தட்டுகள் சரியாகச் சேராது. இன்ஜின் தொண்டை கிழியக் கத்தும், வண்டி நகராது, பிளேட் தேய்ந்து கருகும்.

மாமா இதை அளவுகோல் வைத்துப் பார்த்ததே இல்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து, இடது காலைப் பெடல் மேல் வைப்பார். முதலில் இரண்டு விரல் கனத்துக்குப் பெடல் சும்மா போக வேண்டும், அதற்குப் பிறகுதான் கனக்க வேண்டும் என்பது கணக்கு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை மிதிப்பார். பிறகு கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, பெரிய கியரைப் போட்டு, பெடலை மெதுவாக விடுவார். இன்ஜின் திணறிச் செத்துப்போனால் பிளேட் நல்ல பிளேட். சாகாமல் உறுமிக்கொண்டே இருந்தால், "மாப்ள, ஒரு பிளேட்டு எடுத்து வை" என்று என் பக்கம் குரல் வரும்.

இந்தக் கால் அவருக்கு எங்கே கிடைத்தது என்றால், பஸ்ஸில். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலையின் ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டினார். பஸ் முதலாளிக்கு ரிப்பேர் என்ற சொல்லே காதில் விழாது. பழுதான கிளட்ச்சை வைத்துக்கொண்டு மேடும் பள்ளமுமாக ஓட்டி ஓட்டி, எந்த இடத்தில் பிடிக்கும், எந்த இடத்தில் கைவிடும் என்று கால் தானாகவே கற்றுக்கொண்டது. ஒரு நாள் முதலாளியோடு வாய்த்தகராறு. சாவியை மேசையில் போட்டுவிட்டு வந்து, இந்தப் பட்டறையைப் போட்டார்.

அக்காவுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அந்த நாட்களில் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்றே எனக்குச் சந்தேகம். சண்டை மட்டும் வேளாவேளைக்கு நடந்தது. ஆனால் அக்கா கற்றுக்கொண்டாள். பிறகு ஒரு பழைய வேனை வாங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போக ஆரம்பித்தாள். அந்தப் பள்ளிக்கூடம் இருப்பது ஒரு மேட்டின் உச்சியில். கடைசி வளைவில் ரோடு சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அங்கே வேனை நிறுத்தி எடுப்பதென்றால் பெரிய பெரிய டிரைவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். அக்கா ஒரு கையால் பின்சீட்டுச் சண்டையைத் தீர்த்துவைத்துக்கொண்டே எடுப்பாள். எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும், எது பையை வேனிலேயே மறந்துவிட்டுப் போகும், எது அழுதுகொண்டே ஏறிச் சிரித்துக்கொண்டே இறங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வேன்தான் அவளுடைய தனி ராஜ்யம். அங்கே மாமாவின் சத்தம் எடுபடாது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு, மாமா பார்த்துக் கொடுத்த வண்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன.

முதலில் ஒன்றிரண்டு. நான் கண்டுகொள்ளவில்லை. பிளேட் விற்றால் எனக்கென்ன கசக்கிறதா. ஆனால் வருகிற வண்டி எல்லாவற்றிலும் ஒரே நோய். பிளேட் கருகி, கதவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி. மாமாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். வண்டிக்காரர்களை நிற்கவைத்துத் திட்டுவார்.

"பெடல் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறீங்க. காலை வச்சு இளைப்பாற அது என்ன உங்க வீட்டு முக்காலியா?"

அப்படித்தான் ஒரு பெரியவரையும் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன மனிதர். தன் சின்னக் காரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி ஓட்டுகிறவர்.

"நான் அப்படியெல்லாம் காலை வைக்கறதில்ல தம்பி" என்றார் அவர்.

"வைக்கலேன்னா பிளேட்டு எப்படிக் கருகும்? வயசாகுதில்ல. உங்க கால்தான் சரியில்ல, பெரியவரே."

பெரியவர் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்தது அக்காவின் வேன். கடைசி வளைவில், பிள்ளைகள் நிறைய இருக்கும்போது, எதிரே ஒரு வண்டி வர, நிறுத்தி எடுத்திருக்கிறாள். இன்ஜின் கத்தியதே தவிர வேன் நகரவில்லை. கொஞ்சம் பின்னால் வேறு உருண்டது. பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிள்ளைகளை இறக்கி நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். சத்தம் போடவில்லை.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா நாங்க வேற வண்டி பாத்துக்கறோம். தப்பா நினைக்காதீங்க. பிள்ளைங்க விஷயம்" என்று மட்டும் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்து சொன்னால், மாமா அக்காவையும் விடவில்லை.

"நீயும் பெடல்ல காலை வச்சுக்கிட்டுதான் ஓட்டுற."

"நான் ஓட்டுறதை நீங்க பாத்தீங்களா? பெடல் மேலேயே பிடிக்குது. காலை முக்கால்வாசி எடுத்த பிறகுதான் பிடிக்குது. நீங்கதான் இறுக்கி வச்சிருக்கீங்க."

"இறுக்கலேன்னா கியர் கத்துது. எனக்குத் தெரியாதா?"

அவர் பிளேட்டை மாற்றினார், கேபிளை மறுபடி இறுக்கினார், வீதியில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அன்றிலிருந்து மாடிக்கும் போகவில்லை. பட்டறையில் இருந்த நீள பெஞ்சிலேயே படுக்கையைப் போட்டுக்கொண்டார். கீழேதான் காற்று வருகிறதாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார் என்று அக்கா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முன்பெல்லாம் குத்துக்கால் போட்டு வேலை செய்கிறவர், ஒரு காலி ஆயில் டின்னைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார ஆரம்பித்திருந்தார். தரை ஈரமாக இருக்கிறது என்றார். தரை எப்போதும் போலத்தான் இருந்தது.

ஒரு நாள் காலை, வேனை எடுப்பதற்கு முன் அக்கா என் கடைக்கு வந்தாள். விரல் இடுக்கில் நேற்றைய கிரீஸ்.

"ஒரு ஸ்பேனர் குடு. அவர் பெட்டியில எடுத்தா தெரிஞ்சிடும்."

"என்னக்கா பண்ணப் போற?"

"பண்ணிட்டேன். நேத்து எதிர்ல இருக்கற கடையில வாங்கிப் பண்ணேன். நட்டைக் கொஞ்சம் தளர்த்தினா வண்டி பூ மாதிரி ஏறுது. சாயங்காலம் இவர் ஓட்டிப் பாக்கறார், மறுபடி இறுக்கிடறார். அதனால தினம் தளர்த்தணும்."

"வேற பட்டறையில ஒரு தடவை காட்டிடேன்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கிளட்ச்சண்ணன் பொண்டாட்டி கிளட்ச் பாக்க வேற பட்டறைக்குப் போனான்னா, அதுக்கப்புறம் இவர்கிட்ட யார் வருவா? வாயை மூடிட்டு ஸ்பேனரைக் குடு."

கொடுத்தேன். அன்று முதல் அந்த வீட்டில் ஒரு நட்டு படாத பாடு பட்டது. காலையில் அக்கா தளர்த்துவாள். மாலையில் மாமா இறுக்குவார். இருவரும் ஒருவருக்கொருவர் மூச்சு விடவில்லை. கேபிள் ஏன் தினமும் தளர்கிறது என்று மாமா மண்டையைக் குடைந்துகொண்டார். கேபிள் இழுத்துக்கொண்டு போகிறது என்று முடிவுகட்டி, என்னிடமே புதுக் கேபிள் வாங்கிப் போட்டார். "மட்டமான சரக்கா வாங்கி வைக்கிற" என்று வசவு வேறு. நான் வாயே திறக்கவில்லை. அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு அதுதான் நல்லது.

ஆனால் அக்கா உள்ளுக்குள் பயந்துபோயிருந்தாள். ஒரு நாள் காலையில் தளர்த்த மறந்தால், மேட்டில் பிள்ளைகளோடு மாட்டிக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

"இவருக்கு வேலை மறந்துபோச்சோன்னு இருக்கு. இந்த வேலையை விட்டா இவருக்கு வேற எதுவும் இல்ல. அது மட்டும் போச்சுன்னா இந்த மனுஷன் எப்படி இருப்பார்?"

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் கட்டிடத்துப் பல் டாக்டர் புதுக் கார் வாங்கினார். முந்தின நாள்தான் ஷோரூமிலிருந்து வந்த வண்டி. இருக்கை மேல் போட்டிருந்த பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. என் கடையில் தரைக்குப் போடும் மேட் வாங்க வந்தார். நல்ல தடிமனான மேட்டாக எடுத்து நானே விரித்துக் கொடுத்தேன். அக்கா அப்போதுதான் வேனை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

"அண்ணன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துச் சொல்லட்டுமே. உங்க கால் பட்டா எனக்கு ஒரு நிம்மதி" என்றார் டாக்டர்.

மாமாவுக்கு இது போதும். செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்தார். இடது காலை உள்ளே எடுத்து வைக்க, பேண்ட்டைப் பிடித்துக் கையால் தூக்கிவிட்டார். பின்னால் எடுக்க ரிவர்ஸ் கியர் போட்டார். கறமுறவென்று ஒரு சத்தம். டாக்டரின் முகம், அவரிடம் பல் பிடுங்கிக்கொள்ள உட்கார்ந்தவனின் முகமாக மாறியது.

"கிளட்ச் சரியா பிரியல" என்றார் மாமா. "கேபிள் லூசா இருக்கு. ஒரு சுத்து இறுக்கினா சரியாயிடும்."

"நேத்துதான் வந்துச்சுண்ணே."

"புது வண்டின்னா எல்லாம் சரியா இருக்கும்னு யார் சொன்னது?"

இறங்கி பானட்டைத் திறந்தார். ஸ்பேனரோடு குனிந்தார். அப்படியே நின்றார். கேபிள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய குழாய்தான் ஓடியது. இந்தக் காலத்து வண்டி. ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்கிற கிளட்ச். அதில் இறுக்குவதற்கு நட்டே கிடையாது. இது அவருக்குத் தெரியாத விஷயமில்லை, அவசரத்தில் கை போய்விட்டது. ஆனால் ஸ்பேனரைப் பிடித்தபடி அவர் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தது, அவசரத்தில் கை போனவனின் பார்வையாக இல்லை. நட்டே இல்லாத வண்டியில் தளர்வு எங்கிருந்து வந்தது?

மறுபடி ஏறி உட்கார்ந்தார். கதவு திறந்திருந்தது. பெடலை மிதித்தார், கியர் போட்டார். மறுபடியும் கறமுற. இந்தத் தடவை நானும் கீழே பார்த்தேன், அக்காவும் பார்த்தாள். பெடல் தரையைத் தொடவில்லை. பாதி வழியைத் தாண்டிக் கொஞ்சம் போனது. அங்கே முழங்கால் நின்றுவிட்டது. நெற்றியில் வேர்வை, பல்லைக் கடித்திருந்தார். வலிக்கிற இடம்தான் அவருக்குத் தரை. அதற்குக் கீழே இன்னொரு தரை இருக்கிறது என்பது அவர் காலுக்கு மறந்தே போயிருந்தது.

அதனால்தான் எல்லா வண்டியிலும் அவருக்குக் கியர் கத்தியது. அதனால்தான் எல்லாக் கேபிளையும் இறுக்கினார். இத்தனை வண்டிகளையும் தன் முழங்காலுக்குத் தோதாகத் திருப்பி வைத்துவிட்டு, ஓட்டினவர்களைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"மேட்டு மடிஞ்சு பெடலுக்கு அடியில போயிருக்கு டாக்டர். இவ்வளவு தடியான மேட்டைப் போட்டா பெடல் எப்படிக் கீழ போகும்? எடுத்துடுங்க."

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேட்டை உருவி என் கையில் கொடுத்தார். வண்டியை அக்காவே பின்னால் எடுத்து, திருப்பி, அவர் கையில் கொடுத்தாள். ஒரு சத்தமும் இல்லை. நான் விற்ற மேட் எனக்கே திரும்பி வந்தது, கூடவே கெட்ட பேரும். அந்த மேட் எங்கும் மடிந்திருக்கவில்லை என்பதை இப்போதாவது பதிவு செய்துவிடுகிறேன்.

டாக்டர் போன பிறகு மூன்று பேரும் பட்டறைக்குள் நின்றோம். மாமா ஆயில் டின் மேல் உட்கார்ந்து பேண்ட்டைச் சுருட்டினார். முழங்கால் வீங்கி, கட்டுத் துணியை மீறிப் புடைத்திருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். பிறகு பெஞ்சின் மேலிருந்த படுக்கையைப் பார்த்தாள். பிறகு மாடிப் படியைப் பார்த்தாள்.

"கோவம்னு நினைச்சேன்" என்றாள்.

"ஏற முடியல" என்றார் மாமா.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வண்டியைத் தொடாதேம்ப." பேண்ட்டை இறக்கிவிட்டபடி, "வேன்ல நட்டைத் தளர்த்தறது நீதானா?" என்றார்.

"ஆமா."

அவர் கத்துவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார். "நல்ல கேபிளைத் தூக்கிப் போட்டுட்டு இவன்கிட்ட வேற கேபிள் வாங்கினேன்."

மாமா எழுந்து, வலிக்கிற காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு, மல்லாந்து வேனுக்கு அடியில் போனார். ஸ்பேனர் சத்தம் கேட்டது. பிறகு கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏறி உக்காரு. அமுக்கு."

அக்கா ஏறி உட்கார்ந்து அமுக்கினாள்.

"தரையில முட்டற வரைக்கும் அமுக்கு. இப்போ மெல்ல விடு. எங்க பிடிக்குது?"

இத்தனை வருஷத்தில் எங்கே பிடிக்கிறது என்று அவர் இன்னொருவரைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அக்காவும் பார்த்திருக்கமாட்டாள். இன்னொரு முறை மிதித்து, விட்டுப் பார்த்தாள்.

"பாதிக்குக் கொஞ்சம் மேல" என்றாள்.

"முதல்ல சும்மா போகுதா?"

"ரெண்டு விரல் போகுது."

"அப்போ அதான்" என்றார்.

மறுநாள் காலை வேனின் முன்சீட்டில் அவரும் போனார். கடைசி வளைவில், எதிரே வண்டி எதுவும் வராதபோதும் அக்கா வேண்டுமென்றே நிறுத்தினாளாம். வேன் நிறையப் பிள்ளைகள். மாமா டேஷ்போர்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். அக்கா காலை மெல்ல எடுத்தாள், வேன் ஒரு விரல் கூடப் பின்னால் போகாமல் ஏறியது. வாசலில் நின்ற மேடம் வேனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் அவர் பாராட்டு. திரும்பும் வழியில் அக்கா வேனை நேராக எலும்பு டாக்டரிடம் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்து மாமா ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

காலை உடனே சரியாக்கிவிடலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த சில நாட்கள் மாமா பட்டறைக்கு வந்தார், டின் மேல் உட்கார்ந்தார், யாரோடும் பேசவில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. திட்டு விழாத கடையில் எனக்கு வியாபாரமே ஓடவில்லை என்றால் நம்பமாட்டீர்கள்.

பிறகு ஒரு முற்பகல், போனை எடுத்து, தான் இறுக்கி அனுப்பிய வண்டிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். கேபிளைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும், கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னார். காரணம் கேட்டவர்களுக்குக் கேபிளே காரணம். முதலில் வந்தது அந்த ரிட்டையர்டு டிரைவர் பெரியவர்.

பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருந்த அக்கா, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தச் சின்னக் காரில் ஏறி உட்கார்ந்தாள். மாமா அடியில் போனார். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து காருக்கு அடியில் பார்த்துக் கேட்டார்.

"நீங்க காலை வச்சுப் பாக்கலையா தம்பி? என் கால்தான் சரியில்லேன்னு அன்னைக்குச் சொன்னீங்களே. அதுலேர்ந்து நான் வண்டியையே எடுக்கல."

ஸ்பேனர் சத்தம் நின்றது. கேபிள் மேல் பழி போட அவருக்கு அப்போதும் வழி இருந்தது. நானாக இருந்தால் போட்டிருப்பேன்.

"உங்க கால் நல்லாத்தான் இருக்குங்க" என்றது காருக்கு அடியிலிருந்து வந்த குரல். "சரியில்லாதது என் கால்."

பெரியவர் நிமிர்ந்தார். காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், வேலை முடியும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அமுக்கு" என்றார் மாமா.

அக்கா தரை முட்ட அமுக்கினாள்.